மின்விசிறி ஓடியது, குளிர்பெட்டி நின்றது ஏன்?

மாணவர்களே, ஈப்போவில் இருக்கும் என் பெரியப்பா முப்பது ஆண்டுகள் விரைவுப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பழைய வேனை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றி, ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, இரண்டு மின்விசிறி, ஒரு குளிர்பெட்டி என்று கேம்பர் வேனாக மாற்றிவிட்டார். (இப்படி மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் முறையாக அனுமதி வாங்க வேண்டும். அந்த அலைச்சல் தனிக் கதை.) குளிர்பெட்டி அவருக்கு ஆடம்பரம் இல்லை. பெரியம்மாவுக்கு நீரிழிவு நோய். இன்சுலின் இல்லாமல் எங்கும் போக முடியாது.

முதல் பயணம் கேமரன் மலைக்கு. ஓர் இரவு தங்கினார்கள். எல்லாம் நன்றாக நடந்தது. இரண்டாவது பயணம் பகாங் மாநிலக் கடற்கரையான செராத்திங்கிற்கு. நானும் போயிருந்தேன். பகலில் வண்டி ஓடும்போது குளிர்பெட்டியின் செருகியை முன்பக்கத்துச் சிகரெட் லைட்டர் துளையில் மாட்டியிருந்தோம். மாலை 7 மணிக்கு வண்டியை நிறுத்தியதும், பின்னால் தனியாக வைத்திருந்த 100 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலத்துக்கு மாற்றினோம். இரவு முழுக்க மின்விசிறி ஓடியது. காலையிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வண்டியை வெயிலில் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டோம்.

மதியம் 2 மணிக்குப் பெரியம்மா குளிர்பெட்டியைத் திறந்தார். உள்ளே பனிக்கட்டி எல்லாம் வெந்நீர் போல் கிடந்தது. இரண்டு மாதத்துக்கான இன்சுலின் பேனாக்கள் அதில் மிதந்தன.

திறக்காத இன்சுலினைப் பொதுவாக 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பேனாவை அறை வெப்பத்தில், 30 பாகைக்குக் கீழ், பெரும்பாலும் நான்கு வாரம் வரை வைத்திருக்கலாம். ஆனால் வெயிலில் மூடிக் கிடந்த வேனுக்குள் வெப்பம் 45 பாகையைத் தாண்டுவது சாதாரணம். இன்சுலின் ஒரு புரதம். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் மாறுவதுபோல் புரதத்தின் வடிவம் சிதையும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாமலும் போகலாம். மருந்தகத்தில் கேட்டபோது, எவ்வளவு நேரம் எவ்வளவு சூட்டில் இருந்தது என்று தெரியாவிட்டால் பயன்படுத்தாதீர்கள் என்றார்கள். அத்தனையையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கினோம். பயணம் அன்றோடு முடிந்தது.

"பேட்டரி புதுசுடா தம்பி. நூறு ஆம்பியர்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. ஒரு ராத்திரி கூடவா தாங்காது?" என்று வழி முழுக்கப் பெரியப்பா கேட்டுக்கொண்டே வந்தார். அதைவிட எனக்கு இன்னொரு கேள்விதான் பெரிதாகத் தெரிந்தது. மின்கலம் காலியாகிவிட்டது என்றால் மின்விசிறி எப்படி ஓடியது?

முதலில் கணக்கு

பெரியப்பா "நூறு ஆம்பியர்" என்கிறார். அது ஆம்பியர் இல்லை, ஆம்பியர்-மணி. மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது. அதாவது மின்கலத்தில் இருக்கும் மின்னூட்டத்தின் அளவு. 5 ஆம்பியர் வீதம் எடுத்தால் 20 மணி நேரம் வரும் என்று பொருள். இதை மின்னழுத்தத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும்: 100 × 12 = 1200 வாட்-மணி.

இதில் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம். ஈய அமில மின்கலத்தில் ஒரு தகடு ஈயம், இன்னொன்று ஈய டை ஆக்சைடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே திரும்ப மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலைக்கு வரும். அடிக்கடி பாதிக்கு மேல் காலி செய்தாலோ, காலியாகவே போட்டு வைத்தாலோ சல்பேட் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும். பிறகு அந்தப் பகுதி வேலை செய்யாது. ஆகவே 1200இல் 600 வாட்-மணிதான் நம் கையில் இருப்பது.

செராத்திங்கில் மாலை 7 முதல் காலை 7 வரை செலவு எவ்வளவு? குளிர்பெட்டியின் அழுத்தி ஓடும்போது 48 வாட். அது தொடர்ந்து ஓடுவதில்லை. அந்தப் புழுக்கத்தில் ஏறக்குறைய பாதி நேரம் ஓடியது. 48 × 12 × 0.5 = 288. மின்விசிறி இரண்டு, ஒவ்வொன்றும் 15 வாட், 8 மணி நேரம்: 240. விளக்குகள் 10 வாட், 4 மணி நேரம்: 40. கைப்பேசிகளுக்கு 32. மொத்தம் 600 வாட்-மணி. கையிருப்பு மொத்தமும் தீர்ந்துவிட்டது.

கேமரன் மலையில் என்ன நடந்தது? அங்கே இரவில் மின்விசிறி யாருக்கு வேண்டும்? வெளியே குளிர் என்பதால் குளிர்பெட்டியும் கால்வாசி நேரம்தான் ஓடியிருக்கும்: 144. விளக்கும் கைப்பேசியும் 72. மொத்தம் 216. கடற்கரையில் ஆன செலவில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஒரே மின்கலம், ஒரே ஓர் இரவு. அங்கே தாங்கியதால் இங்கேயும் தாங்கும் என்று நினைத்தது எங்கள் தவறு.

ஆனாலும் இந்தக் கணக்கு என் கேள்விக்கு முழு விடை தரவில்லை. 600 செலவான பிறகும் மின்கலத்தில் பாதி மின்சாரம் இருந்திருக்க வேண்டுமே.

கம்பி செய்த வேலை

வீட்டுக்கு வந்ததும் மின்கலத்தை முழுதாக ஏற்றி, குளிர்பெட்டியை ஓடவிட்டு, மல்டிமீட்டரால் இரண்டு இடங்களில் அளந்தேன். மின்கலத்தின் முனைகளில் 12.5 வோல்ட். குளிர்பெட்டியின் செருகியில் 11.9 வோல்ட். வழியில் 0.6 வோல்ட் காணாமல் போயிருந்தது.

பள்ளியில் வோல்த்தான், ஆருஸ், ரிந்தாஙான் என்று படித்தீர்களே, அந்த மூன்றும்தான் இங்கே வேலை செய்கின்றன. மின்கலத்திலிருந்து குளிர்பெட்டி வரை 6 மீட்டர். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 12 மீட்டர் கம்பி. பெரியப்பா போட்டிருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் உள்ள செம்புக் கம்பி. வீட்டு விளக்குக்குப் போடுவது. செம்பின் மின்தடை எண்ணை வைத்துக் கணக்கிட்டால் இந்தக் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 0.14 ஓம். குளிர்பெட்டி எடுப்பது 4 ஆம்பியர். 4 × 0.14 = 0.56 வோல்ட். மிச்சம் கொஞ்சம் தளர்ந்த செருகியில் போயிருக்கிறது.

வீட்டில் 240 வோல்ட் வரும் இடத்தில் 0.6 வோல்ட் குறைந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். 12 வோல்டில் அது 5 விழுக்காடு. அதே 48 வாட் கருவி 240 வோல்டில் 0.2 ஆம்பியர்தான் எடுக்கும்; 12 வோல்டில் இருபது மடங்கு எடுக்கிறது. வண்டிகளில் தடித்த கம்பி போடுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது குளிர்பெட்டியின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு பாதுகாப்பு வசதி இருந்தது: வரும் மின்னழுத்தம் 11.3 வோல்டுக்குக் கீழே போனால் அழுத்தி நின்றுவிடும். குளிர்பெட்டியை வண்டியின் சொந்த மின்கலத்தில் மாட்டிவிட்டு மறந்துபோனால், காலையில் இயந்திரத்தைக் கிளப்ப முடியாமல் போகக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் மின்கலத்தில் 11.9 வோல்ட் இருக்கும்போதே குளிர்பெட்டிக்கு 11.3தான் போய்ச் சேர்ந்தது. பாதி மின்சாரம் மீதி இருக்கும் நிலையில், பளு இழுக்கும்போது ஈய அமில மின்கலம் காட்டும் அளவும் ஏறத்தாழ அதுதான். அது "போதும்" என்று நின்றுவிட்டது. மின்விசிறிக்கு அப்படிப்பட்ட காவல் எதுவும் இல்லை. மெதுவாகச் சுற்றினாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை விளக்கு ஒன்று குளிர்பெட்டியில் சிமிட்டியிருக்கும். அதன்மேல் துண்டு காயப்போட்டது நான்தான்.

கம்பியை 6 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினோம். தடிமன் நான்கு மடங்கானால் மின்தடை நான்கில் ஒன்றாகும், இழப்பு 0.14 வோல்டாகக் குறைந்தது. மொத்தச் செலவில் மிகச் சிறியது இதுதான். லித்தியம் வாங்கலாமா, சூரியத் தகடு மாட்டலாமா என்று கேட்பவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது, "கம்பி என்ன தடிமன்?" என்றுதான்.

லித்தியம் என்ன தருகிறது?

கம்பி சரியானாலும் கடற்கரையில் ஓர் இரவுக்கு மேல் தாங்காது. இன்னொரு ஈய அமில மின்கலம் வாங்கிப் பக்க இணைப்பில் சேர்க்கலாம் என்றார் பெரியப்பா. ஒரு மின்கலம் 25 முதல் 30 கிலோ. நான் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைச் சொன்னேன். அதே 100 ஆம்பியர்-மணிக்கு 11 முதல் 13 கிலோதான். விலை கூடுதல், அதை மறைக்க முடியாது. ஆனால் ஈய அமில மின்கலத்தைப் பாதி வரை காலி செய்து ஏற்றும் சுற்றுகள் சில நூறுதான் கிடைக்கும். இது இரண்டாயிரத்துக்கும் மேல் தாங்கும்.

இதன் உள்ளே நடப்பது வேறு மாதிரி. ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் லித்தியம் இரும்பு பாஸ்பேட். பேருந்து ஓட்டியவருக்குப் பேருந்தை வைத்தே விளக்கினேன். லித்தியம் அயனிகள் பயணிகள். மின்னேற்றும்போது கிராஃபைட் நிலையத்துக்குப் போய் இருக்கைகளில் அமர்கின்றன. மின்சாரம் எடுக்கும்போது பாஸ்பேட் நிலையத்துக்குத் திரும்புகின்றன. நிலையங்கள் இடிவதும் இல்லை, புதிதாகக் கட்டப்படுவதும் இல்லை. ஈய அமிலத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தகட்டின் பொருளே வேறொன்றாக மாறித் திரும்புகிறது. தேய்மானத்தில் உள்ள வித்தியாசம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் பாஸ்பேட் பொருளை மின்கலத்துக்கு ஏற்றது என்று 1997இல் வெளியிட்டது அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் நடத்திய ஆய்வுக்குழு. லித்தியம் அயனி மின்கலத்துக்காக 2019இல் ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகியோருடன் அவர் வேதியியல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் அணுக்கள் பாஸ்பரசுடன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், சூடானாலும் எளிதில் ஆக்சிஜன் வெளியேறாது. கைப்பேசிகளில் உள்ள கோபால்ட் வகையைவிட இது தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன். இல்லை என்று சொல்லவில்லை.

ஓர் அறையின் மின்னழுத்தம் 3.2 வோல்ட். நான்கைத் தொடரிணைப்பில் சேர்த்தால் 12.8 வோல்ட். ஆகவே 1280 வாட்-மணி. அதில் 80 விழுக்காட்டை எடுத்தாலே 1024. எனக்கு இதைவிடப் பிடித்தது, கடைசிக் கட்டம் வரை மின்னழுத்தம் 13 வோல்டை ஒட்டியே நிற்பதுதான். குளிர்பெட்டி நடு இரவில் ஏமாறாது.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மின்னழுத்தம் மாறாமல் நிற்பதால், வோல்ட் அளந்து எவ்வளவு மீதி என்று சொல்ல முடியாது. அதற்கு ஷண்ட் என்ற சிறு மின்தடையைக் கம்பிப் பாதையில் வைக்கிறார்கள். எங்களுடையது 0.0001 ஓம். 6 ஆம்பியர் ஓடினால் அதில் 0.0006 வோல்ட் விழும். அந்த நுண்ணிய அளவை நொடிக்கு நொடி அளந்து, நேரத்தால் பெருக்கி, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கணக்கு வைக்கிறது ஒரு சிறிய கருவி. கம்பியில் எங்களை ஏமாற்றிய அதே ஓம் விதி இங்கே எங்களுக்குக் காவல்காரன்.

எங்கே வைப்பது என்பதிலும் யோசிக்க வேண்டியிருந்தது. இந்த வேனில் இயந்திரம் முன் இருக்கைகளுக்கு அடியில். அதற்குப் பின்னாலேயே வைக்கப் பார்த்தார் பெரியப்பா. இவ்வகை மின்கலங்களைப் பொதுவாக 45 பாகைக்கு மேல் மின்னேற்றக் கூடாது. வண்டியின் பின்பகுதிக்கு மாற்றினோம். உள்ளே இருக்கும் மேலாண்மைச் சுற்று, சூடு மிகுந்தாலோ ஓர் அறை மற்றவற்றைவிட அளவு மீறினாலோ இணைப்பைத் துண்டித்துவிடும். அது கடைசிப் பாதுகாப்பு. தினமும் அதை நம்பி ஓட்டக்கூடாது.

இன்னும் இரண்டு ஆபத்துகளைச் சொல்லிவிடுகிறேன். லித்தியம் மின்கலத்தின் உள்மின்தடை மிகக் குறைவு. ஒரு ஸ்பேனர் தவறி இரு முனைகள்மேல் விழுந்தால் பல நூறு ஆம்பியர் பாயும், இரும்பே சிவந்துவிடும். அதனால் நேர்முனைக்கு மிக அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். அடுத்தது, வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக இணைப்பது. காலியான லித்தியம், ஆல்டர்னேட்டர் தருவதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். இயந்திரம் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் காற்றாடியும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு தணியாமல் அது கருகலாம். நடுவே டிசி-டிசி சார்ஜர் ஒன்றை வைத்து 20 ஆம்பியருக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தினோம். இந்த வேலைகளைப் பட்டறையில் தெரிந்தவர்தான் செய்தார். நான் கணக்குப் போட்டேன், அளந்தேன், அவ்வளவே. நீங்களும் அந்த எல்லைக்குள்ளேயே இருங்கள்.

கூரையில் வெயில்

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் நல்ல உச்சி வெயில் தருவது ஏறக்குறைய 1000 வாட். சூரியத் தகட்டின் செயல்திறன் 20 விழுக்காடு என்றால் 200 வாட். நம் நாட்டில் நாள் முழுதும் விழும் வெயிலைக் கூட்டினால் சுமார் 4 மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம். அப்படியானால் 200 × 4 = 800 வாட்-மணி கிடைக்குமா?

கிடைக்காது. தகட்டில் எழுதியிருக்கும் 200 வாட், தகட்டின் வெப்பம் 25 பாகையாக இருக்கும்போது அளந்தது. வேனின் கூரையில் அது 65 பாகைக்குப் போகும். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறன் குறையும். 40 பாகைக்கு 16 விழுக்காடு. வெயில் கூடினால் மின்சாரம் கூடும், சூடு கூடினால் குறையும்; இரண்டும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனியுங்கள். கூரையோடு ஒட்டும் மெல்லிய தகடு பார்க்க அழகாக இருந்தாலும், அடியில் காற்று போக இடைவெளி விட்டுப் பொருத்தும் கண்ணாடித் தகட்டையே தேர்ந்தெடுத்தோம். தூசு, கம்பி இழப்பு எல்லாம் சேர்த்து 70 விழுக்காடு என்று வைத்தால் ஒரு தகட்டுக்கு 560 வாட்-மணி. குளிர்பெட்டி 24 மணி நேரமும் ஓடினால் 576, மற்றவை 312, ஒரு நாள் தேவை 888. ஆகவே இரண்டு தகடுகள்: 1120.

தகட்டுக்கும் மின்கலத்துக்கும் நடுவே கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று உண்டு. எங்கள் தகடு 20 வோல்ட், 10 ஆம்பியரில் தன் முழுத் திறனைத் தரும். மலிவான கருவி தகட்டை மின்கலத்தின் 13 வோல்டுக்கு இழுத்துவிடும்: 13 × 10 = 130 வாட். எம்பிபிடி வகை, 20 வோல்டிலேயே வாங்கி, மின்னழுத்தத்தைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டித் தரும். 14 ஆம்பியருக்கு மேல் கிடைக்கும். விலை வித்தியாசத்துக்கு இது தகும்.

நிழல்தான் பெரிய எதிரி. தகட்டின் சிறு அறைகள் தொடரிணைப்பில் உள்ளவை. ஒன்றின்மேல் தென்னை ஓலை நிழல் விழுந்தால், அந்த வரிசை முழுவதற்கும் மின்னோட்டம் குறையும். அதைச் சுற்றிப் போக டயோடுகள் இருந்தாலும், ஒரு வரிசை போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வண்டிக்குள் குளுமை வேண்டுமானால் மர நிழலில் நிறுத்த வேண்டும். மின்சாரம் வேண்டுமானால் வெயிலில். பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் இதில் இன்னும் சமரசம் ஏற்படவில்லை.

டிசம்பரில் மறுபடியும் செராத்திங் போனோம். வடகிழக்குப் பருவமழைக் காலம். வேண்டாம் என்றேன், பெரியப்பா கேட்கவில்லை. முதல் இரவு 600 வாட்-மணி போனது; 1280இல் 680 மீதி. மறுநாள் விடாமல் மழை. 400 வாட் தகடுகள் நாள் முழுதும் தந்தது 150. குளிர்பெட்டி பகலில் 288 எடுத்தது. மாலையில் மீதி 542. மழைக் குளிரில் ஒரு மின்விசிறி போதும் என்றாலும் இரவுக்கு 480 வேண்டும். கருவியைப் பார்த்துவிட்டு, "தம்பி, சாப்பாடு வாங்கக் குவாந்தான் பக்கம் போய் வருவோமா?" என்றார் பெரியப்பா. ஒரு மணி நேர ஓட்டத்தில் டிசி-டிசி சார்ஜர் 270 வாட்-மணி ஏற்றியது. காலையில் கருவி 26 விழுக்காடு காட்டியது. குளிர்பெட்டிக்குள் 5 பாகை. இன்சுலினைக் குளிர்த் தகட்டை ஒட்டி வைக்காமல் நடுவில், ஒரு சிறு வெப்பமானியோடு வைத்திருந்தார் பெரியம்மா. உறைந்தாலும் அது கெட்டுவிடும். குளிர்பெட்டியின்மேல் யாரும் துண்டு போடவில்லை.

செய்து பாருங்கள்

1. மேலே உள்ள எண்களைக் கொண்டு 26 விழுக்காடு எப்படி வந்தது என்று காட்டுங்கள்.

2. அன்று மாலை வண்டியை எடுக்காமல் இருந்திருந்தால், காலையில் எத்தனை விழுக்காடு மீதி இருந்திருக்கும்?

3. குளிர்பெட்டிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் எத்தனை வோல்ட் இழப்பு ஏற்பட்டிருக்கும்? 12 மீட்டர் நீளம், 4 ஆம்பியர் என்று கொள்ளுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டருக்கு 0.14 ஓம் என்பதிலிருந்து தொடங்கலாம்.

4. உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள வாட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் அழுத்தி ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டு எழுதுங்கள். மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை. இரண்டு எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா?